வெள்ளைக் கட்டைப் பார்சல்

ஏப்ரல் 12, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் ஆளைக் காட்ட முடியாது. மனசுக்குள் சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதான். முப்பது வருஷம் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றியவன் நான். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே என்றைக்கு எரியும் என்று சொல்லுவேன். ஒரு தடவை கலெக்டர் பங்களா வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வியாழக்கிழமை நின்றுவிடும்" என்றேன். புதன்கிழமையே நின்றுவிட்டது. கலெக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன் நவநீதன் நேற்றுச் சாயங்காலம் ராஜ்கோட்டிலிருந்து வந்து சேர்ந்தான். கம்பெனி அனுப்பி ஒரு மாசம் அங்கே இருந்தான். வந்தவன் குளிக்கவில்லை, காபி குடிக்கவில்லை. நேராகத் தன் அறைக்குப் போய், அவன் ஊரில் இல்லாதபோது வந்திருந்த நாகர்கோவில் பார்சலைப் பிரித்தான்.

பார்சலில் என்ன என்றால் கட்டை. குழந்தைகள் அடுக்கி விளையாடுமே, தலையில் குமிழ் குமிழாக வைத்த பிளாஸ்டிக் கட்டை, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளுமே, அதுதான். நவநீதனுக்கு முப்பத்தெட்டு வயசு. பம்ப் டிசைன் பண்ணுகிற எஞ்சினியர். வீட்டில் ஒரு அறை முழுக்க இந்தக் கட்டைதான். இவனைப் போலவே மீசை நரைத்த ஆட்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள், குழுவே வைத்திருக்கிறார்கள். டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார். வருகிற மே பத்தாம் தேதி கோயமுத்தூரிலேயே கண்காட்சி. இவன் பல்லடம் ரோட்டுக் காற்றாலைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறான். ஏழு நின்றுவிட்டது. மிச்சம் நாலுக்கு வெள்ளைக் கட்டை போதவில்லை. அந்த உருண்டை வெள்ளை இப்போது கடைக்கே வருவதில்லையாம். நாகர்கோவிலில் குழுவைச் சேர்ந்த ஷெர்லின் என்கிற அம்மாள், தான் சேர்த்து வைத்திருந்ததை அனுப்பியிருந்தாள்.

"ஏனுங் மாமா, இதென்ன மஞ்சளா இருக்குது?"

"அப்படித்தான் வந்துச்சு மாப்ள."

"பார்சலப் பிரிச்சீங்களா? பிரிக்க வேண்டாம்னு சொன்னேன்ல?"

"பூச்சி கீச்சி இருக்குமோன்னு ஓரமாத் தெறந்து பாத்தேன். பாத்ததும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. மஞ்சக் கரைசல்ல முக்கி எடுத்த மாதிரி. அத்தன தூரத்துல இருக்கறவனுக்கு மனசு சங்கடப்படுமேன்னுதான் போன்ல சொல்லல."

அவன் ஒரு கட்டையை எடுத்து வெள்ளைத் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். வேறொன்றை வைத்துப் பார்த்தான். பழுப்பு ஏறிய பல் மாதிரி இருந்தது.

ஊர் பேர் தெரியாத ஆளிடம் பழைய சாமான் வாங்கினால் இப்படித்தான். நான் சொன்னேன்.

ஏப்ரல் 13, திங்கள்

என் வீட்டுக்காரி, எங்கள் மகள் பிரசவத்துக்காக ஓசூர் போயிருக்கிறாள். அதனால்தான் மூன்று மாசமாக நான் நவநீதன் வீட்டில் இருக்கிறேன். சும்மா உட்கார்ந்து தின்னுகிற ஆள் இல்லை நான். பால் வாங்குவது, கீரை ஆய்வது, மாடியில் துணி காயப்போட்டு எடுப்பது எல்லாம் என் பொறுப்பு. நவநீதன் பெண்டாட்டி தாரணிக்கு மாடி ஏற நேரமும் இல்லை, முழங்காலும் இல்லை. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஈரத்துணிதான் உடுத்த வேண்டும்.

சாப்பிடும்போது நவநீதன் விளக்கினான். "வெயில் பட்டாத்தான் மாமா இப்படி ஆகும். வெள்ளைதான் மொதல்ல போகும். அந்தம்மா ஜன்னலோரம் வெச்சிருந்திருக்காங்க. இல்லைன்னா கழுவி வெயில்ல காயப்போட்டிருக்காங்க. வெவரம் தெரிஞ்சவங்க, இப்படிப் பண்ணுவாங்கன்னு நெனைக்கல."

"வெயிலா?"

"ஆமாங் மாமா. எங்காளுங்க கழுவுனாக்கூட ஃபேனுக்கு அடியிலதான் காயவெப்போம்."

"எத்தன நாளு வெயில் பட்டா இப்படி ஆகும்?"

"ஏனுங்?"

"சும்மா. பொது அறிவுக்கு."

வெயில் என்றால் கிருமி சாகும். மிளகாய் காயும், வடகம் காயும், பாய் தலையணையில் இருக்கும் மூட்டைப்பூச்சி ஓடும். பிளாஸ்டிக்குக்கு வெயில் ஆகாது என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? எட்டாம் வகுப்பு வரை சொல்லவில்லை. ஒன்பதாவதில் சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை.

நவநீதன் குழுவில் படம் போட்டுவிட்டானாம். "ஷெர்லின் அனுப்பியது இப்படி இருக்கிறது" என்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. தாரணி வேப்பம்பூ ரசம் வைத்தாள், பருப்பு போளி போட்டாள். எனக்குப் போளி என்றால் எட்டுப் பத்து உள்ளே போகும். ஒரு காலத்தில் பந்தயம் வைத்து நாற்பது தின்றிருக்கிறேன். இன்றைக்கு ஒன்றிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அந்த அம்மாள் போன் பண்ணினாள். நவநீதன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். நான் பக்கத்தில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தேன்.

"நவநீதன் சார், நான் அனுப்பும்போ பால் மாதிரி வெள்ளையாட்டுல்லா இருந்து. பேப்பர் பக்கத்துல வச்சு படம் எடுத்து அனுப்புனேம்லா."

இவர்கள் குழுவில் அது ஒரு வழக்கம். பழைய கட்டையைக் கை மாற்றும்போது வெள்ளைத் தாள் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு மேல் எல்லாம் வாக்குதான். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. ஒருத்தன் சொன்னால் மற்றவன் நம்ப வேண்டும். ஒரு தடவை வாக்கு கெட்டால் அப்புறம் அவர்களோடு யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

"படம் பழசா இருக்கலாம்னு சொல்றாங்க மேடம்."

"யாரு சொல்லுதா?"

"குரூப்ல."

"குரூப்ப விடுங்க. நீங்க என்ன சொல்லுதிய?"

நவநீதன் என் பக்கம் திரும்பினான். நான் கறிவேப்பிலையை விடவில்லை.

"எங்க மாமாதான் மொதல்ல பாத்தாருங்க. வரும்போதே மஞ்சளாத்தான் இருந்துச்சுன்னு சொல்றாரு. அவரு கொஞ்சம் சேத்திச் சொல்லுவாரு, ஆனா பொய் சொல்ல மாட்டாரு."

"செரி சார்" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

அத்தனை கறிவேப்பிலை ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தேவைப்படாது என்று தாரணி சொன்னாள்.

ஏப்ரல் 15, புதன்

இன்று மோர் மட்டும்.

ஏப்ரல் 18, சனி

காலையில் வீடு முழுக்க ஃபேன் துடைத்தேன். மோட்டாரைக் கழற்றி எண்ணெய் விட்டேன். யாரும் கேட்காமலேயே பாத்ரூம் குழாய் வாஷர் மாற்றினேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

தாரணி துணி ஊறவைக்கும்போது என் நீலக் கைலியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிளெயின் நீலம். போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது.

"பெரியப்பா, இதென்னுங்க, கைலி வெளுத்து அங்கங்க கட்டம் கட்டமா டிசைன் விழுந்திருக்குது?"

"அது புது டிசைன் அம்மிணி. ஈரோட்டுல இப்ப இதான் ஓடுது. என்ற பிரெண்டு ஒருத்தன் தறி போட்டிருக்கான், எனக்குன்னே நெய்து குடுத்தான்."

"இது போன மாசம் பிளெயினாத்தானுங்க இருந்துச்சு?"

"தொவைக்கத் தொவைக்கத்தான் டிசைன் வெளிய வரும். அதான் அதுல விசேஷம்."

அவள் கைலியை வெளிச்சத்தில் விரித்தாள். வெளுத்த நீலத்தில் குட்டிக் குட்டியாகக் கருநீலச் சதுரம், நீளச் சதுரம், வட்டம். யாரோ அச்சுப் போட்ட மாதிரி. அவள் ஒன்றும் சொல்லாமல் பக்கெட்டில் போட்டாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

குழுவின் தலைவர் டாக்டர் முகுந்தன். பல் டாக்டர். இன்று அவர் குழுவில் எழுதிவிட்டார்: நம்பிக்கையைக் கெடுத்தவர்களுக்குக் கண்காட்சியில் மேஜை இல்லை. பெயர் போடவில்லை. ஆனால் நாகர்கோவில்காரிக்கு ஒதுக்கிய மேஜையைச் சேலத்துக்காரருக்கு மாற்றிவிட்டார்கள். அவள் ஒன்றரை வருஷமாக ஒரு லைட் ஹவுஸ் கட்டிக்கொண்டிருந்தாளாம். தன் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து. என் இடுப்பு உயரம் வருமாம். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தாளாம்.

நான் நவநீதனிடம் பேசினேன். பெரிய மனுஷன் பேச வேண்டிய நேரத்தில் பேச வேண்டும்.

"பாவம், பொம்பளப் புள்ள. மன்னிச்சு விட்டுப்போடு மாப்ள. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"மன்னிக்கறதுக்கு அவங்க மொதல்ல தப்ப ஒத்துக்கணும்ல மாமா? வெள்ளையாத்தான் அனுப்புனேன்னு இன்னும் சாதிக்கறாங்க. அதான் எனக்கு வலிக்குது. ஆறு வருஷப் பழக்கம் மாமா. ஆமா, வெயில்ல வெச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மறந்தே போயிருப்பேன்."

"அவ்வளவுதானா? சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருப்பேன். இப்ப முடியாது. இப்ப எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோச்சு."

தப்பை ஒத்துக்கொள்ளாதவர்களைக் கண்டால் எனக்கும் பிடிக்காதுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இரண்டு நாளாக என் வித்தையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். காற்றாலை எல்லாம் ஒரே மோட்டாரில் சுற்ற வேண்டும், ஆனால் மெதுவாக, நிஜக் காற்றாலை மாதிரி சோம்பலாகச் சுற்ற வேண்டும் என்றான் நவநீதன். பழைய டேபிள் ஃபேன் மோட்டாரைப் பிரித்து நான் கையாலேயே காயில் சுற்றினேன். கண்ணாடி போடாமல் சுற்றினேன். நூல் மாதிரிக் கம்பி. ஜெர்மனிக்காரன் பார்த்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவான். கட்டை அல்லாத சாமான் வெளியே தெரியக்கூடாது என்பது இவர்கள் சட்டமாம். அதனால் மோட்டாரைக் கட்டையால் கட்டிய மலைக்குள் ஒளித்துவிட்டோம். சுவிட்ச் போட்டதும் ஏழு காற்றாலையும் சுற்றியது.

"மாமா, நீங்க இல்லைன்னா இது நடந்திருக்காதுங்க" என்று தோளில் கை போட்டான்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

அவன் வெளியே போனதும் மஞ்சள் கட்டைகளில் ஒரு கைப்பிடி எடுத்து எலுமிச்சம்பழம், சமையல் சோடா, பல்பொடி எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். புளி போட்டும் தேய்த்தேன், பித்தளை என்றால் பளபளவென்று ஆகியிருக்கும். மஞ்சள் அப்படியே இருக்கிறது. அது மேலே ஒட்டிக்கொண்டிருப்பது இல்லை, உள்ளேயே ஊறியது.

மே 2, சனி

காலையில் இட்லி. நான் உட்கார்ந்ததும் தாரணி என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டையை வைத்தாள். உருண்டைக் கட்டை. ஒரு பக்கம் மஞ்சள். அடிப்பக்கம், தரையில் கிடந்த பக்கம், நல்ல வெள்ளை.

"மாடித் தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி கெடந்துச்சுங்க பெரியப்பா. தொட்டி கழுவ ஆளு வந்தாங்கன்னு நானே ஏறிப் போனேன்."

நவநீதன் ஆபீஸ் போய்விட்டிருந்தான்.

"காக்கா கொண்டாந்து போட்டிருக்கும் அம்மிணி. இந்த ஏரியாக் காக்காவ உனக்குத் தெரியாது. எங்க லைன் வீட்ல ஒரு காக்கா வாட்ச்சையே தூக்கிட்டுப் போச்சு."

"காக்காதானுங்களா?"

"பின்ன?"

"காக்கா கைலி விரிக்குமுங்களா பெரியப்பா?"

புரையேறி இருமினேன். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதையும் அவள்தான் கொடுத்தாள்.

"நான் அவருகிட்டச் சொல்லப் போறதில்லீங். அது நீங்க சொல்ல வேண்டியது. நீங்களே சொல்லிருவீங்கன்னுதான் நானும் ரெண்டு வாரமாப் பாத்துட்டு இருக்கேன். இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நடக்கும்போது நெஞ்சில் குத்துகிறது. வேறு எங்காவது வைக்கலாம். வைக்கவில்லை.

மே 5, செவ்வாய்

ஓசூரில் பேத்தி பிறந்திருக்கிறாள். சுகப்பிரசவம். தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தேன். பிறக்கும்போதே நாலு கிலோ, டாக்டரே அசந்துவிட்டார் என்று சொன்னேன். மூன்று சொச்சம்தான்.

வீட்டுக்காரி போனில், "ஏனுங்க, பேத்தி பொறந்திருக்கு, கொரலு இப்படிச் செத்துக் கெடக்குது?" என்றாள். சளி என்றேன்.

மே 7, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி, நவநீதன் வருகிற நேரத்துக்கு வாசலிலேயே நின்றேன். வந்தான். "மாமா, ஏழோடயே வெச்சுக்கலாம்னு இருக்கேன். மஞ்சக் கட்டைய வெச்சுக் கட்டுனா அசிங்கமா இருக்கும்" என்றான். ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். பால் பாக்கெட் வாங்கணும் என்று வெளியே போய்விட்டேன். பால் காலையிலேயே வாங்கியாயிற்று.

மே 9, சனி

நவநீதனும் தாரணியும் நாளைய கண்காட்சிக்கு மேஜை போட ஹாலுக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும். வாசலில் ஒரு அம்மாள். நாற்பத்தைந்து வயசு இருக்கலாம். பருத்திச் சேலை, தோளில் கனமான பெரிய பை, கையில் கயிறு கட்டிய அட்டைப் பெட்டி. ரயிலில் இருந்து நேராக வந்திருக்கிறாள்.

"நவநீதன் சார் வீடு இதுதானா அண்ணாச்சி? நான் ஷெர்லின். நாகர்கோவில்."

உட்காரச் சொன்னேன். காபி போட்டேன். காபி போடுவதில் என்னை அடிக்க இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "இதை அவருட்ட குடுத்துருங்க. அத்தனையும் வெள்ளை. நாலு காத்தாடிக்கும் பத்தும்."

"இது ஏதும்மா? இந்த மாதிரி இப்ப கெடைக்கறதே இல்லைன்னானே மாப்ள?"

"லைட் ஹவுஸ்ல இருந்து பிரிச்சேன்."

"எதிலிருந்து?"

"நான் கெட்டி வச்சிருந்த லைட் ஹவுஸ். மொத்த டவரும் இதுக்குள்ளதான் கெடக்கு. கடலும் பாறையும் தோள்பையில இருக்கு, நாளைக்கு ஒரு மூலை கெடச்சா வைக்கலாம்னு." சிரித்தாள். "கெட்ட ஒன்றர வருசம் ஆச்சு. பிரிக்க ஒரு சாயங்காலம் போறும். அதாம்லா இந்தக் கட்டையில உள்ள சௌரியம்."

எட்டு ஊர்ப் பஞ்சாயத்தில் பேசிய நான், பெட்டிக் கயிற்றின் முடிச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாமான்னு சொன்னது நீங்கதானா அண்ணாச்சி? நீங்க கண்ணால பாத்தியளாம்லா?"

"காபி ஆறிப்போகுது" என்றேன். டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

"நான் சண்டைக்கு வரல்ல. முதல்ல எனக்குக் கோவம்தான். அப்புறம் யோசிச்சேன். ஒரு வயசானவரு, இந்தக் கட்டைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, அவரு எதுக்குப் பொய் சொல்லப்போறாரு? வழியில எங்கயாவது வெயில்ல கெடந்திருக்கும். அப்படித்தான் இருக்கணும். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல கேட்டேளா."

என் சட்டைப் பையில் அந்த உருண்டைக் கட்டை இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். அவள் நான் நெஞ்சைத் தொட்டு வணக்கம் சொல்வதாக நினைத்து, அவளும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நவநீதன் வந்து பெட்டியைப் பிரித்தான். தாளை வைத்துப் பார்த்தான். எது தாள் எது கட்டை என்று தெரியவில்லை. இருட்டுவதற்குள் நாலு காற்றாலையும் நின்றுவிட்டது. டாக்டருக்குப் போன் பண்ணினான். டாக்டர் சொன்னது எனக்கே கேட்டது: "பாத்தீங்களா, தப்ப ஒத்துக்கிட்டாங்க. இல்லைன்னா எதுக்குத் திருப்பிக் கொண்டாந்து குடுக்கறாங்க? சரி, பெரிய மனசு பண்ணுவோம். மூலைல ஒரு மேஜை குடுத்துரலாம்."

தாரணி என்னைப் பார்த்தாள். நான் பேப்பர் படித்தேன். பேப்பர் தலைகீழாக எல்லாம் இல்லை, கதையில்தான் அப்படி வரும். நேராகத்தான் இருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

எப்படித் தொடங்குவது! கோயமுத்தூரே திரண்டு வந்துவிட்டது. வாசலில் போலீஸ் நின்று கூட்டத்தைப் பிரித்து விட்டார்கள். நடு மேஜையில் எங்கள் பதினோரு காற்றாலை. சோம்பலாகச் சுற்றுகிறது. அடியில் ரோடு, இளநீர்க் கடை, ஒரு மாட்டு வண்டி, எல்லாம் கட்டையிலேயே. பிள்ளைகள் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பெரியவர்கள் அதைவிட மோசம்.

மூலை மேஜையில் ஷெர்லின். மேஜைமேல் நீலக் கட்டையில் கடல், அலை நுரைகூட விட்டு வைத்திருக்கிறாள். கறுப்புக் கட்டையில் பாறை. பாறைமேல் டவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. சிவப்பு விளக்குக் கூண்டு மட்டும் பாறைமேல் தனியாக உட்கார்ந்திருக்கிறது, உள்ளே பல்பு விட்டு விட்டு எரிகிறது. ஒரு பெரியவர் நின்று, "இது என்னம்மா, பாதியில நிக்குது?" என்று கேட்டார்.

"டவரு அங்க சுத்திட்டுக் கெடக்கு சார்" என்று எங்கள் மேஜையைக் காட்டினாள். அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

மத்தியானம் பரிசு கொடுத்தார்கள். காற்றாலைக்கு முதல் பரிசு. நவநீதன் மேடையில் ஏறி, "இதோட மோட்டார எங்க மாமாதான் கையால சுத்துனாரு. மாமா, மேல வாங்க" என்றான். டாக்டர் முகுந்தன் மைக்கை என் கையில் கொடுத்தார்.

நான் மைக்கை வாங்கினேன். சபையைப் பார்த்தேன். சட்டைப் பையில் இருந்த கட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். கணீரென்று சொன்னேன்:

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க. அந்த நாகர்கோவில் அம்மிணி அனுப்புன கட்டை பால் மாதிரி வெள்ளையாத்தான் வந்துச்சு. பிரிக்க வேண்டாம்னு மாப்ள சொன்னான். நான் பிரிச்சேன். யாரு வீட்டுத் தூசோன்னு சோப்புத்தூள் போட்டு அலசுனேன். மாடியில தொட்டிக்குப் பின்னால என்ற கைலிய விரிச்சு, அதும்மேல பரப்பி, காயட்டும்னு விட்டேன். அப்பறம் மறந்துபோட்டேன். மூணு வாரம் வெயில்ல கெடந்துச்சு. மாப்ள வர்றதுக்கு மொத நாளு ஓடிப் போய்ப் பாத்தா, மஞ்சள். அள்ளிப் பெட்டில போட்டு டேப் ஒட்டி வெச்சேன். கேட்டதுக்கு வாயில வந்ததச் சொன்னேன். தப்பு என்ற மேல. அந்தம்மா மேல துளி தப்பில்லை."

சபை அப்படியே உறைந்துவிட்டது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நவநீதன் என்னைக் கட்டிக்கொண்டு, "மாமா, நீங்க மனுஷன்" என்றான். ஷெர்லின் ஓடி வந்து என் காலில் விழப் போனாள், நான் விடவில்லை. ஆயிரம் பேர் எழுந்து நின்று தட்டினார்கள். கூரை அதிர்ந்தது. அங்கேயே நாலு காற்றாலையைப் பிரித்து அவள் டவரை எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள்.

மே 11, திங்கள்

நவநீதன் விசில் அடித்துக்கொண்டு ஆபீஸ் போனான். பரிசுக் கோப்பையை டிவி பக்கத்தில் வைத்திருக்கிறான். பதினோரு காற்றாலையும் வண்டியில் வந்து, அறையில் பதினொன்றாகவே நிற்கிறது. ஷெர்லின் காலை ரயிலில் ஊருக்குப் போயிருப்பாள். குழுவில் இனி அவளோடு மாற்றிக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

தாரணி என் நீலக் கைலியை மடித்து, கட்டங்கள் மேலே தெரிகிற மாதிரி, என் தலையணைமேல் வைத்திருக்கிறாள்.

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது. எட்டாம் வகுப்பு வாத்தியாரே பாராட்டிய கையெழுத்து. கடல் உண்மை, கறுப்புப் பாறை உண்மை, அதன்மேல் விட்டு விட்டு எரிந்த விளக்கு உண்மை. கோப்பை உண்மை. போலீஸ் வரவில்லை, ஆள் ஒரு இருநூறு பேர் இருக்கும். அதெல்லாம் நான் எப்போதும் சேர்த்துச் சொல்வதுதான், அதை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மைக்கைக் கையில் கொடுத்ததும் உண்மை. நான் பேசினதாக எழுதியிருக்கிறேனே, அந்தப் பேச்சு மட்டும் நான் கட்டியது. சட்டைப் பைக்குள் கை போனது, கட்டையைத் தொட்டது, வெறும் கையாகவே வெளியே வந்தது. "மோட்டார் நான் சுத்துனதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூலை மேஜையில் இருந்து எழுந்து நின்று அவளும் தட்டினாள்.